ரோவருக்குள் ஒரு பழைய எஞ்சின்

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சிக்குப் போகிற ரோட்டில் எஞ்சினின் குட்டு வெளிப்பட்டுவிடும். சுமார் 2,000 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கிவிடும்.

இந்த ரோட்டில் ஓட்ட நம்மிடம் ஒரு பழைய எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது, அதன் எஞ்சின் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பதிலுக்கு எதைப் போடுவது? விடை ரொம்ப காலம் நம்மூர் டாக்ஸி ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தது. 1955இல் வந்த எம்.ஜி.ஏ.வில் இருந்தது பி.எம்.சி.யின் 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சின். அம்பாசிடரில் பல பத்தாண்டுகள் ஓடியதும் அதே கொள்ளளவு, அதே குடும்பம். எம்.ஜி.க்கு இரட்டை கார்புரேட்டர், அம்பாசிடருக்கு ஒன்று. மற்றபடி இரண்டும் பங்காளிகள்.

ஆனால் கையில் இருக்கிற எஞ்சின் எப்போதும் இப்படிக் கைகொடுக்காது. அதற்கு உதாரணம் மலைக்குக் கீழே, சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் இருக்கிறது. ஹெரால்டு கார்களைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. உடல், பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. 1976இல் அங்கே அறிமுகமானபோது அதற்குள் இருந்தது 155 குதிரைசக்தி கொண்ட 3.5 லிட்டர் வி8. அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் வாங்கியது.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த நாட்டில் வி8 கட்டுப்படியாகாது. கம்பெனி, தனக்குப் பழகிய எஞ்சினையே எடுத்தது: 1940களில் வேன்கார்டு காருக்காகப் பிறந்த நான்கு சிலிண்டர் எஞ்சின். மென்பொருள்காரர்களுக்கு இது புரியும். ஓடிக்கிட்டிருக்கிற பழைய கோடை எடுத்துப் புது முகப்புக்குப் பின்னால் வைப்பதுதான்.

அந்த எஞ்சின் மட்டமானதில்லை. ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது அதன் உடன்பிறப்புதான். இரண்டு லிட்டர் பிரிவுக்குள் வருவதற்காக சிலிண்டர் விட்டத்தைக் குறைத்து, 1991 சி.சி. ஆக்கி, 1953இல் டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். 90 குதிரைசக்தி. காரின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. பறந்தது.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து அதே 1991 சி.சி. சென்னையில் 83 குதிரைசக்தியோடு, ஒரு டன்னை நன்றாகவே தாண்டிய ரோவர் உடலை இழுக்க வேண்டியிருந்தது. அவலாஞ்சி உயரத்தில் அதுவும் எழுபதுக்குக் கீழே போயிருக்கும். 1983 டிசம்பரிலேயே மாருதி வந்துவிட்டதால், ஒப்பிட்டுப் பார்க்க ஜனங்களுக்கு வேறு வண்டியும் இருந்தது. 1988 வாக்கில் ஸ்டாண்டர்டு 2000 நின்றது. கம்பெனி நொடித்ததற்கு எஞ்சின் மட்டுமே காரணமென்று சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த உடலைப் பார்த்து ஆசைப்பட்டவர்களை ஏமாற்றியது அதுதான்.

நம் எம்.ஜி.ஏ.வுக்கு அம்பாசிடர் எஞ்சினைத் தாராளமாகப் போடலாம். அதுவும் பழசுதான், ஆனால் அந்தக் கார் சுமக்கச் சொல்வது தன் பழைய சுமையைத்தான். மேட்டில் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.