ஒரே விமானம், வேறு வேறு தலையெழுத்து

மிட்வே போர்ப் படம் பார்த்துட்டு நம்ம கோயில் இளைஞர்கள் சிலர் அந்த "டாண்ட்லெஸ்" விமானத்தைப் பற்றிக் கேட்டிருந்தாங்க. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனத்தில் எட் ஹைனமன் என்பவர் தலைமையில் உருவான கடற்படை விமானம் இது. பெயர் எஸ்பிடி. விமானி ஒருவர், பின்னால் துப்பாக்கிக்காரர் ஒருவர். எதிரிக் கப்பலுக்கு மேலே போய், ஏறக்குறைய 70 பாகையில் தலைகீழாகப் பாய்ந்து குண்டு போடும். பாயும்போது வேகம் கட்டுக்குள் இருக்க, இறக்கையில் ஓட்டை ஓட்டையாகத் தடுப்புப் பலகைகள் இருக்கும். பார்த்தாலே அடையாளம் தெரியும்.

முதல் வகை எஸ்பிடி-1 குறைந்த தூரமே பறக்கும் என்பதால் மரீன் படைக்குப் போனது. எஸ்பிடி-2இல் எரிபொருள் கூடியது. எஸ்பிடி-3இல்தான் கவசமும், குண்டு துளைத்தாலும் தானே அடைத்துக்கொள்ளும் எண்ணெய்த் தொட்டியும் வந்தன. அதிகமாகச் செய்யப்பட்டது 1,200 குதிரைசக்தி கொண்ட எஸ்பிடி-5. 1944 வரை மொத்தம் 5,900க்கும் மேல்.

1942 ஜூன் 4, மிட்வே. அதற்கு முன் போன டார்பிடோ விமானங்களில் பெரும்பாலானவை திரும்பவே இல்லை. ஆனால் ஜப்பானியச் சண்டை விமானங்கள் அவற்றைத் துரத்திக் கீழே இறங்கிவிட்டன. மேலே வானம் காலி. டாண்ட்லெஸ்கள் பாய்ந்தன. சில நிமிடங்களில் அகாகி, காகா, சோரியு மூன்றும் தீப்பிடித்தன. ஹிரியுவுக்கு அன்று மாலை முடிவு. நான்குமே விமானந்தாங்கிக் கப்பல்கள்.

இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். தெரியாத கதை இனிமேல்தான்.

இதே விமானத்தை அமெரிக்கத் தரைப்படையும் வாங்கியது, ஏ-24 என்ற பெயரில். கப்பலில் இறங்கப் பயன்படும் கொக்கி மட்டும் இல்லை. பிலிப்பீன்சுக்குப் போக வேண்டிய 52 விமானங்கள் போர் வெடித்ததால் ஆஸ்திரேலியாவுக்குத் திருப்பிவிடப்பட்டன. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் துப்பாக்கி சுடத் தேவையான சின்னச் சின்ன உதிரிபாகங்களே இல்லை! எஞ்சின்களும் தேய்ந்தவை. அப்படியே ஒட்டுப்போட்டு, சில விமானங்கள் ஜாவாவுக்குப் போயின. சிங்கப்பூர் பிப்ரவரி 15இல் விழுந்தது. அடுத்த சில நாட்களில் இவை பாலிக்கு அருகே ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கின. ஜூலை கடைசியில் நியூகினியின் பூனா பக்கம் ஏழு ஏ-24கள் போதிய பாதுகாப்பு இல்லாமல் போயின. திரும்பியது ஒன்றுதான். "இந்த விமானம் சரியில்லை" என்று ஒதுக்கிவிட்டார்கள். மிட்வேயில் வென்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நியூசிலாந்தின் 25ஆம் ஸ்குவாட்ரன் 1944இல் பூகன்வில் தீவில் இதே விமானத்தை ஓட்டி நன்றாகவே வேலை செய்தது. பிரிட்டன் ஒன்பது வாங்கிச் சோதித்துப் பார்த்து, வேண்டாம் என்றது. மெக்சிகோவும் சிலியும்கூட வைத்திருந்தன.

பிரான்ஸ் கதைதான் மனசை உறுத்துகிறது. 1944 கடைசியில் பிரெஞ்சு விமானிகள் தங்கள் சொந்தக் கடற்கரையில் மிச்சமிருந்த ஜெர்மானியர்களை இதை வைத்துத் தாக்கினார்கள். நாட்டை மீட்கும் போர். 1947இல் அதே பிரான்ஸ், அதே விமானத்தைக் கப்பலில் ஏற்றி இந்தோசீனாவுக்கு அனுப்பியது. அங்கே விடுதலை கேட்டவர்கள் வியட்நாமியர்கள். குண்டு அவர்கள் தலையில்.

இயந்திரம் ஒன்றுதான். உதிரிபாகம் அனுப்பியவர், துணைக்குப் பறந்தவர், யார்மேல் போடு என்று கட்டளையிட்டவர், இவர்கள்தான் அதன் தலையெழுத்தை எழுதினார்கள். தேர் ஓடும்போது எல்லாரும் மேலே அலங்காரத்தைத்தான் பார்ப்போம். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் ஒரு நிமிஷம் அசந்தால் என்ன ஆகும் என்று தேர் இழுத்தவங்களுக்குத் தெரியும்.

பூனாவில் திரும்பாமல் போன அந்தப் பிள்ளைகளுக்கும், குண்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் சேர்த்தே ஒரு விளக்கு ஏற்றுவோம்.

உங்க வீட்டுப் பெரியவங்க சொன்ன ஜப்பான்காரன் காலத்துக் கதை இருந்தா கீழே எழுதுங்க.