சேவ் பட்டன் இல்லாத சிந்தசைசர்

கன்னிவாடியிலிருந்து பேசுறேன். எலக்ட்ரானிக் இசைன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' தீம் மியூசிக். ஆனால் அதற்குப் பதினேழு வருடம் முன்பே, 1969-ல், அகமதாபாத்தில் ஒரு எலக்ட்ரானிக் இசை ஸ்டூடியோ தொடங்கிவிட்டது. சினிமாவுக்காக இல்லை, தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குள், அதாவது என்.ஐ.டி.யில்.

இதற்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கு. விக்ரம் சாராபாயை நமக்குத் தெரியும். இஸ்ரோ பிறந்ததும் இதே 1969-ல்தான். என்.ஐ.டி.யை வளர்த்தவர்கள் அவருடைய சகோதரர் கௌதமும் சகோதரி கீராவும். இன்னொரு சகோதரி கீதா, பக்கவாஜ் வாசித்த இசைக்கலைஞர். 1946-ல் நியூயார்க் போனவர், ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்து, அவரிடம் மேற்கத்திய இசை கற்றார். அந்த உறவின் தொடர்ச்சியாகத்தான் கேஜின் நெருங்கிய சகா டேவிட் டியூடர் அகமதாபாத் வந்தார்.

டியூடர் சர்க்யூட்டைத் தானே கட்டுகிற ஆள். 1968-ல் தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட்' படைப்பில், சாதாரணப் பொருட்களில் டிரான்ஸ்டியூசரைப் பொருத்தி, அந்தப் பொருட்களையே ஸ்பீக்கர் ஆக்கியவர். அவர் அமைத்த ஸ்டூடியோவில் மோக் மாடுலர் சிந்தசைசரும் டேப் ரெக்கார்டர்களும் இருந்தன.

இப்போதைய கீபோர்டு மாதிரி அதை நினைச்சுக்காதீங்க. ஒரு மாட்யூல் ஒலி அலையை உண்டாக்கும், இன்னொன்று வடிகட்டும், மற்றொன்று சத்தத்தை ஏற்றி இறக்கும். எதை எதோடு இணைப்பது என்பது நாம் சொருகுகிற ஒயரில் இருக்கு. மெமரி கிடையாது. ஒயரைப் பிடுங்கினால் அந்த ஒலி போச்சு! தினமும் கோட் எழுதுற எனக்கு, சேவ் பண்ண முடியாத வேலையை நினைச்சாலே பதறுது. அங்கே இருந்த ஒரே சேவ் பட்டன் காந்த நாடா. அதைத்தான் பிளேடால் வெட்டலாம், ஒட்டலாம், லூப் போடலாம், தலைகீழாக ஓட்டலாம்.

அப்படி உருவானவைதான் ஐ.எஸ். மாத்துரின் 'மை பேர்ட்ஸ்', எஸ்.சி. சர்மாவின் 'டான்ஸ் மியூசிக்' எல்லாம். அதுல் தேசாயும் கீதாவும் அங்கே இசையமைத்தார்கள். ஜின்ராஜ் ஜோஷிபுரா கட்டடக்கலை மாணவர், பத்தொன்பது வயது. 'ஸ்பேஸ் லைனர் 2001' என்று எதிர்காலப் பயணத்துக்கே இசை போட்டார்.

சில வருடங்களில் ஸ்டூடியோ அடங்கிப்போச்சு. நாடாக்கள் மட்டும் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் தேடிப் போய்க் கண்டெடுத்து, டிஜிட்டல் ஆக்கும் வேலையில் இறங்கினார். 2023-ல் 'தி என்.ஐ.டி. டேப்ஸ்' ஆல்பம் வந்தது.

யாராவது இடத்தை அடைக்குதுன்னு அந்த நாடாக்களைத் தூக்கிப் போட்டிருந்தால்? ஸ்டூடியோ இருந்ததுன்னு காகிதம் சொல்லியிருக்கும். அதில் என்ன ஒலித்ததுன்னு யாரும் கேட்டிருக்க முடியாது. நம்ம பக்கத்து உறுமிக்கும் கும்மிக்கும் அகமதாபாத் மாதிரிக் காப்பகம் கிடையாது. திருவிழாவில் யாராவது டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த கேசட் இருந்தால், அதுதான் காப்பகம்.

அதனால பரண்ல ஒரு தடவை பாருங்க. கேசட்டில் பூஞ்சை இருந்தால் உடனே ஓட்டிடாதீங்க, நாடா ஒட்டி அறுந்திடும். விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. நல்லா இருந்தால் ஹெட்டைத் துடைச்சிட்டு, லேப்டாப்ல இணைச்சுப் பதிவு பண்ணுங்க. யார் பாடினது, எந்த ஊர், எந்த வருஷம்னு ஃபைல் பேரிலேயே எழுதி வைங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.