பாடு முறையும் மேற்பார்வையும்: பழவேற்காட்டு மனநல ஆலோசனையில் சாதியின் இடம்

பழவேற்காடு ஏரியில் யார் எங்கே வலை கட்டலாம் என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற, பட்டினவர் என்னும் மீனவச் சாதியினரின் ஊர்களில் தலைக்கட்டில், அதாவது ஊர் உறுப்பினர் பட்டியலில், சேர்ந்த ஆண்கள் சீட்டுக் குலுக்கி, முகத்துவாரத்தை ஒட்டிய இறால் வளமுள்ள இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக 1991இல் செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வு இதை விரிவாகப் பதிவுசெய்தது. மீன்வள ஆய்வாளர்கள் பலர் இதை ஊர்க் கட்டுப்பாட்டின் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகப் பேசுவார்கள். சாரா கூல்தார்டு 2008இல் வெளியிட்ட கட்டுரை, பாடு உள்ளவர் இல்லாதவர் என்ற பிரிவு சாதியோடு எப்படிப் பின்னியிருக்கிறது என்பதையும் காட்டியது. பாடு இல்லாதோரில் ஒரு பகுதியினரான இருளர் பழங்குடிப் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று, கையால் தடவி இறால் பிடித்துப் பறி என்னும் கூடையில் போடுகிறார்கள்.

இந்த ஏரிக்கரையில் மனநல ஆலோசனை செய்பவர், பாடு உள்ளவர் இல்லாதவர் என்ற கோட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்? அவரை மேற்பார்வை செய்பவர் எந்தப் பக்கம்? மேற்பார்வை இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

வேறு பண்பாட்டவரோடு பணிபுரிய ஆலோசகருக்கு வேண்டிய பல்பண்பாட்டுத் தகைமை என்ற கருத்து நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1992இல் டெரால்டு விங் சூ, பட்ரீசியா அரெடோண்டோ, ரோடரிக் மெக்டேவிஸ் மூவரும் அதை விழிப்பு, அறிவு, திறன் என்று வகுத்தார்கள். ஜேனட் ஹெல்ம்ஸ் இன அடையாளம் பற்றிய தம் கோட்பாட்டை மேற்பார்வை உறவுக்கும் நீட்டினார். இன விழிப்பில் மேற்பார்வையாளர் பயிற்சியாளரைவிடப் பின்தங்கியிருந்தால் அந்த உறவு பயிற்சியாளரைப் பின்னுக்கு இழுக்கும் என்பது அவர் கணிப்பு. உளப்பகுப்பாய்வாளர் ஹெரால்டு சீர்லஸ் 1955இலேயே வேறொன்றைச் சுட்டியிருந்தார்: ஆலோசனை அறையில் நடப்பது மேற்பார்வை அறையிலும் நிழலாடும். எதிர்த்திசையிலும் அது நடக்கும் என்பது பின்னால் வந்தவர்களின் கருத்து. மேற்பார்வையில் பேசாமல் விடப்படுவது ஆலோசனையிலும் பேசப்படாமலே போகும்.

இனம் என்ற இடத்தில் சாதி என்று எழுதிவிட்டால் கோட்பாடு தமிழ்நாட்டுக்குப் பொருந்திவிடுமா? 2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியும் இனமும் ஒன்றல்ல என்று இந்திய அரசு வாதிட்டது. அந்த வழக்கு இங்கே வேண்டாம். மேற்பார்வைக்கு முக்கியமான வேறுபாடு சாதி கண்ணுக்குத் தெரியாதது என்பதுதான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பின் பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்ப்பது இங்கே மெல்ல வழக்கொழிந்தது. பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் சென்னையில் ஒரு மேற்பார்வை அறையில் இருவரும் முதலெழுத்தும் பெயருமாக அமர்ந்திருக்கும்போது, அந்தச் சாதனையே மௌனத்துக்கு வசதியாகிவிடுகிறது. ‘எந்த ஊர்? ஊருக்குள்ளேயா, காலனியா?’ என்று ஏரிக்கரையில் ஒரே மூச்சில் கேட்டு முடிப்பதைப் படித்தவர்கள் கேட்காமலே ஊகித்துக்கொள்கிறார்கள்.

விழிப்பு, அறிவு, திறன் என்ற மூன்று கூறுகளில் எனக்கு அதிகம் ஐயம் தருவது அறிவு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு உளசமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது, தேவையான பணி. அதே காலத்தில் பல கரையோர ஊர்களில் நிவாரணம் மீனவர் பஞ்சாயத்து வழியாகப் போனதையும், தலித்துகளும் இருளரும் விடுபட்டதையும் மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. ‘மீனவர் பண்பாட்டை மதிக்க வேண்டும்’ என்று ஒரு பயிற்சிக் கையேடு சொன்னால், யாருடைய பண்பாடு? பஞ்சாயத்தார் சொல்வதே பண்பாடு என்று எடுத்துக்கொள்ளும் ஆலோசகர், விடுபட்டவரின் துயரத்தை அவரது குணக்கோளாறாகப் படிக்கக்கூடும்.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்வோம். ஆலோசகர் பட்டினவர் குடும்பத்துப் பட்டதாரிப் பெண். வந்திருப்பவர் தூக்கம் கெட்ட இருளர் பெண். எல்லாக் கேள்விக்கும் ‘சரிங்கம்மா’ என்கிறார், அடுத்த முறை வரவில்லை. ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று குறிப்பேடு சொல்கிறது. மேற்பார்வையாளர் நுட்பத்தைத் திருத்துகிறார்: திறந்த கேள்வி கேளுங்கள், மௌனத்துக்கு இடம் கொடுங்கள். அந்தப் பெண்ணின் இறாலை விலைபேசி வாங்குபவர் ஆலோசகரின் உறவினராக இருக்கலாம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. அப்படியிருந்தால் ‘சரிங்கம்மா’ ஒத்துழையாமையாகாது. பிழைப்பைக் காக்கும் எச்சரிக்கை அது.

சாதியைப் பேசச் சொல்வதே வன்முறை என்று ஒரு மறுப்பு வரும். அதில் நியாயம் உண்டு. தலித் பயிற்சியாளர் ஒருவரைத் தம் சாதியைச் சொல்லவைக்கும் மேற்பார்வை அவரை இன்னொரு முறை அவமதிக்கும். ஆகவே பேசும் கடமை அதிகாரம் உள்ள பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். மேற்பார்வையாளர் தம் இடத்தை முதலில் சொல்லட்டும்; பயிற்சியாளர் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். 1973இல் மனநல மருத்துவர் ஜே. எஸ். நேகி குரு–சீடர் உறவை இந்தியச் சிகிச்சைக்கு ஏற்ற மாதிரியாக முன்வைத்தார். நம் பயிற்சி நிறுவனங்களின் மனம் இன்றும் அதில் சாய்வது இயல்புதான். ஆனால் ஏகலைவன் கதை தெரிந்த நாட்டில் அந்த மாதிரியைக் கேள்வி இன்றி ஏற்க முடியாது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதி வேறுபாடின்றிச் சிகிச்சை பெறும் உரிமையை வெளிப்படையாகவே கூறுகிறது. அந்த உரிமை மேற்பார்வைப் படிவத்தில் ஒரு வரியாகவாவது இறங்க வேண்டும்: வந்தவருக்கும் ஆலோசகருக்கும் இடையே ஏரியில், கடனில், ஊர்ப் பஞ்சாயத்தில் என்ன உறவு? கோவாவில் உள்ளூர் ஆலோசகர்கள் ஒருவர் அமர்வின் ஒலிப்பதிவை மற்றவர் கேட்டு மதிப்பிடும் சக மேற்பார்வை நடைமுறையில் சாத்தியம் என்று ஆய்வுகள் காட்டின. பழவேற்காட்டில் அதைச் செய்வதானால் அந்த வட்டத்தில் இருளர் ஆலோசகரும் இருந்தாக வேண்டும். பட்டினவர் ஆலோசகரின் பதிவை அவர் மதிப்பிடும் நாளில்தான் இந்த முறைக்கு உண்மையான சோதனை. அதற்கு முன் அவருக்கு நிலையான ஊதியம் வேண்டும். ஊதியமில்லாத் தன்னார்வலராக அவர் இருந்தால் மதிப்பீட்டை வெளிப்படையாகச் சொல்லும் துணிவை அவரிடம் எதிர்பார்ப்பது நேர்மையாகாது.