மாமாவின் ஆறு அறையும் 1867-ஆம் வருஷத்துச் சட்டமும்

காசிக்கு ரயிலில் வந்தவர்களில் பாதிப் பேராவது முகல்சராயில் இறங்கியிருப்பீர்கள். 2018-ல் ஸ்டேஷனுக்குத் தீனதயாள் உபாத்யாயா பெயரை வைத்துவிட்டார்கள். ஆட்டோக்காரர் வாயில் இன்னமும் முகல்சராய்தான். அந்தப் பெயரின் பின்பாதி என்ன என்று நான் யோசித்ததே கிடையாது. 2006-ல் மாமா ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு என் குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்றுதான் யோசித்தேன்.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. மாற்றலாகி நான் காசிக்கு வந்த புதிதில் மூன்று மாசம் சாதம் போட்ட வீடு. கும்பகோணம் பக்கத்துக்காரர். 1975-ல் மாமியோடு இங்கே வந்து, ஹனுமான் காட் சந்தில் ஒரு பழைய வீட்டை வாங்கி, மாடியில் ஆறு அறை விட்டிருந்தார். நம்ம ஊரிலிருந்து சிராத்தத்துக்கு வருகிறவர்கள் பாதி, முதுகில் மூட்டை கட்டிய வெள்ளைக்காரர், ஜப்பான்காரர் பாதி. எல்லோருக்கும் ஒரே ரசம்.

"சராய் ஆக்ட்ல மறுபடி பதியணுமாம். நீ படிச்சவன், என்னன்னு பாரேன்டா" என்றார்.

பார்த்தேன். 1867-ஆம் வருஷத்து 22-ஆம் சட்டம். விக்டோரியா ராணி காலத்தது!

சராய் என்பது வழிப்போக்கர் தங்குமிடம். ஷேர் ஷா சூரி 1540-லிருந்து 1545 வரை ஆண்ட ஐந்தே வருஷத்தில் சாலையோரமாக 1,700 சராய் கட்டினார் என்று அப்பாஸ் கான் சர்வானி எழுதி வைத்திருக்கிறார். கணக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் பெரிய விஷயம்தான். இந்துவுக்குத் தனி இடம், முஸ்லிமுக்குத் தனி இடம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் அரசு செலவு. வியாபாரி வரவேண்டும், வரி வரவேண்டும், அதற்காக வழிப்போக்கனை உபசரித்தார்கள்.

வெள்ளைக்காரன் சட்டத்தில் உபசாரம் இல்லை. மாஜிஸ்திரேட்டிடம் பதியாமல் யாரையும் தங்க வைக்கக் கூடாது. சராய்க்காரர் நன்னடத்தைச் சான்று காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம். தொற்று நோயில் யாராவது படுத்தால் உடனே போலீஸுக்குச் சொல்ல வேண்டும். கட்டளை வந்தால், நேற்றிரவு யார் யார் தங்கினார்கள் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். திருடன் ஏறி இறங்க வசதியாக மரக்கிளை இருந்தால் வெட்ட வேண்டும். (மாமா வீட்டில் இருந்தது ஒரு துளசி மாடம்.) தவறினால் 20 ரூபாய் வரை அபராதம், மூன்றாம் முறை மாட்டினால் சராய் நடத்தவே தகுதி போய்விடும்.

பயந்தவர்கள் எழுதிய சட்டம் அது. 1857 முடிந்து பத்தே வருஷம். யார் எங்கே படுத்துத் தூங்குகிறான் என்று தெரிய வேண்டும். காலரா பயம் வேறு. அதே 1867-ல் ஹரித்வார் கும்பமேளாவில் காலரா வெடித்துக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போனது.

நம்ம பக்கம் கதை வேறு மாதிரி ஆரம்பித்தது. சென்னை மாகாணத்தில் 1817-லேயே ஏழாம் ரெகுலேஷன் வந்துவிட்டது. கோயில், பாலம், சத்திரம் இவற்றுக்கு விட்ட மானியச் சொத்தை யாரும் விழுங்காமல் பார்த்துக்கொள்ள வந்தது அது. அங்கே சர்க்கார் கவலைப்பட்டது சத்திரத்துச் சொத்தைப் பற்றி, இங்கே சத்திரத்தில் படுத்திருப்பவனைப் பற்றி. மாமா பிறந்தது அந்த ஊரில், மாட்டிக்கொண்டது இந்த ஊரில்.

மாட்டியது நன்னடத்தைச் சான்றில். 31 வருஷமாக இந்தச் சந்தில் இருக்கிறார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் இங்கே. ஆனால் படிவத்தில் 'பூர்வீகம்' என்ற கட்டத்தில் மாமா நேர்மையாகத் தஞ்சாவூர் ஜில்லா என்று எழுதிவிட்டார். உடனே அங்கே கடிதம் போயிற்று. நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது, தமிழில். அலுவலகத்துப் பாபு அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். நான் இந்தியில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். "மொழிபெயர்ப்பு சரி என்று யார் சான்று தருவது, பண்டிட்ஜி?" என்றார். நியாயமான கேள்விதான் :-)

பதிவுக்குக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது என்று சட்டத்தின் நாலாம் பிரிவே சொல்கிறது. நான் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பாபு முழுக்கப் படித்தார். "நன்றாக இருக்கிறது, ஒரு காப்பி கொடுங்கள், எங்களிடம் இல்லை" என்றார். பதினோரு மாசம் ஓடியது. அத்தனை நாளும் மாடியில் விளக்கு எரியவில்லை. மாமி வளையலை அடகு வைத்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பதிவு கிடைத்தும் மாமா வெளிநாட்டுக்காரர்களை எடுப்பதை நிறுத்திவிட்டார். அது சி ஃபார்ம் விவகாரம். 1939-ல், யுத்தம் நெருங்கிய நேரத்தில், வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் வந்தது. அந்த வழியில்தான் சி ஃபார்ம். வந்தவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் அது எல்.ஐ.யூ.வுக்குப் போகும். ஒரு சனிக்கிழமை ராத்திரி காய்ச்சலோடு வந்த ஜப்பான் பெண்ணுக்கு மாமி கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள், மாமா டாக்டரைத் தேடி ஓடினார், ஃபார்ம் திங்கட்கிழமைதான் போனது. கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அறுபத்தாறு வயசில் ஸ்டேஷன் பெஞ்சில் ஆறு மணி நேரம், அவ்வளவுதான். "போறும்டா" என்றார்.

அந்த 1939 சட்டமும் 1946-ஆம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டமும் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி காலாவதியாகிப் புதுச் சட்டம் வந்துவிட்டது. தங்க வைப்பவர் தகவல் சொல்ல வேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது ஃபார்ம் ஆன்லைனில். மாமா இருந்திருந்தால் அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்.

அவர் 2014-ல் போய்விட்டார். மாமி புனேயில் மகனிடம். வீட்டைக் காலி செய்த அன்று நானும் போயிருந்தேன். மாடிப்படியில் கட்டணப் பலகை தொங்கியது. மாஜிஸ்திரேட் சொல்லும் மொழிகளில் கட்டணம் எழுதி மாட்ட வேண்டும் என்பதும் 1867 சட்டம்தான். இந்தியிலும் இங்கிலீஷிலும் பெயின்டர் எழுதியது. அடியில், யாரும் கேட்காமல், மாமா கையெழுத்தில் தமிழ்: "வெந்நீருக்குக் காசு கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கே கேட்கலாம்."