தனிமைக் கூண்டுகள்

1950-களின் நடுவில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உளவியலறிஞர் ஹாரி ஹார்லோ தம் ஆய்வுக்கான குரங்குகளைத் தாமே வளர்க்கத் தலைப்பட்டார். இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட ரீசஸ் குரங்குகள் நோயையும் உடன் கொணர்ந்ததே காரணம். (நம் கோயில் மதில்களில் திரியும் நாட்டுக் குரங்கிற்கு இவை வடநாட்டு உறவினம்.) நோய் பரவாதிருக்கக் குட்டிகளைப் பிறந்த சில மணி நேரத்திலேயே தாயிடமிருந்து பிரித்து, தனித்தனிக் கூண்டுகளில் புட்டிப்பால் ஊட்டி வளர்த்தனர். உடல் செழித்தது. ஆனால் வளர்ந்தபின் ஒன்றாக விட்டபோது, அவை ஒன்றையொன்று நாடாது வெறித்து நோக்கின, விரல் சூப்பின, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தன.

பிள்ளைகளை அணைத்து முத்தமிடுவது கேடு என்று ஜான் வாட்சன் 1928-இல் நூலெழுதிய நாடு அது. பாலூட்டுவதனாலேயே தாய் மீது பற்றுண்டாகிறது எனக் கற்றோர் நம்பிய காலம். 1958-இல் ஹார்லோ வெளியிட்ட ஆய்வு அதனை மறுத்தது. பால் தந்த கம்பிப் பொம்மையை விடுத்து, பாலில்லாத துணிப் பொம்மையையே குட்டிகள் பற்றிக்கொண்டிருந்தன.

அத்துடன் அவர் நின்றிருக்கலாம் என நமக்குத் தோன்றுகிறது. தாயைப் பிரியும் குழந்தைகள் படும் துயரை ஜான் பௌல்பி 1951-லேயே உலக சுகாதார நிறுவனத்திற்கு எழுதிவிட்டார். ஆயினும், எவ்வுயிரையும் காணாதபடி குட்டிகளை 3, 6, 12 மாதங்கள் அடைத்துவைத்த ஆய்வு 1965-இல் வெளிவந்தது. 3 மாதம் கழித்து வெளிவந்தவற்றுள் ஒன்று உணவை மறுத்து மாண்டது, எஞ்சியவை தேறின. 12 மாதம் கழித்தவை விளையாடவும் அறியாதிருந்தன. தாயின்றி வளர்ந்த பெண் குரங்குகள் பின்னர் ஈன்றபோது, பல தம் குட்டியைப் புறக்கணித்தன. சில கடித்துக் குதறின. அப்போதும் அக்குட்டிகள் விடாது தாயிடமே ஊர்ந்து சென்றன என்பதை நாம் கனத்த மனத்துடனேயே படிக்கிறோம்.

தனித்திருந்தவற்றை ஒத்த வயதினரோடு சேர்த்துப் பார்த்தனர். அடியும் கடியுமே மிஞ்சின. 1971-இல் ஹார்லோவும் ஸ்டீபன் சுவோமியும் வேறு வழி கண்டதை வெளியிட்டனர். 6 மாதம் தனித்திருந்த ஆண் குரங்குகளிடம், இயல்பாய் வளர்ந்த 3 மாதப் பெண் குட்டிகளை விட்டனர். அவ்வயதில் குட்டிக்குச் சண்டை தெரியாது. பற்றிக்கொள்ள மட்டுமே தெரியும். மூலையில் ஒடுங்கியவற்றை அவை தேடிச் சென்று தொற்றிக்கொண்டன. சில வாரங்களில் மூத்தவையும் அணைக்கத் தொடங்கின. ஏறத்தாழ அரையாண்டில் விளையாடின. 12 மாதம் அடைபட்டவை மீளவே மாட்டா என்றுதான் பலரும் எண்ணியிருந்தனர். மெலிண்டா நோவக்கும் ஹார்லோவும் 1975-இல் அவற்றிடமும் இளங்குட்டிகளை விட்டுப் பார்த்ததை எழுதினர். அவையும் தேறின.