வில்லியனூருக்கு வந்த மறுமலர்ச்சி

இலத்தீனே கவிதைக்குரிய மொழி என்று கற்றவர்கள் நம்பிய காலத்தில், தாய்மொழியிலும் காவியம் செய்யலாம் என்று 1549-இல் பிரான்சில் கவிஞர் து பெலே வாதாடினார். ஆனால், நாட்டில் வழங்கிய பழைய பாட்டு வடிவங்களைத் தள்ளிவிட்டு, கிரேக்க, ரோமானிய வடிவங்களை எடுத்தாளச் சொன்னார்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் தமிழுக்கு அதே கேள்வி எழுந்தபோது விடை வேறாக வந்தது. 1908-இல் இங்கு வந்த பாரதி, 1912-இல் ‘பாஞ்சாலி சபதம்’ முதற்பாகத்தின் முன்னுரையில் தம் கொள்கையை எழுதினார்: கொஞ்சம் படித்தவருக்கும் விளங்கும் சொல் வேண்டும், ஊரார் காதுக்குப் பழகிய தாளம் வேண்டும், காவிய நயமும் குறையக் கூடாது. சொன்னதோடு நிற்கவில்லை. தெருவில் பாடிய நொண்டிச் சிந்தைப் பாரதக் கதைக்குள் அழைத்து வந்தார். இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கவிதைக்கு அந்தச் சிறு முன்னுரைதான் இலக்கணம் என்பேன்.

கொள்கை கிராமத்துக்கு வந்தது பள்ளிக்கூடம் வழியாக. பாரதியிடம் பழகிய சுப்புரத்தினம், பாரதிதாசனாகி, தமிழாசிரியராக வேலை பார்த்தார். அவரிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர் 1915-இல் வில்லியனூரில் பிறந்த எத்திராசலு என்னும் அரங்கசாமி. பின்னாளில் பாகூர்ப் பக்கம் சேலியமேட்டில் வாழ்ந்த கவிஞர் வாணிதாசன் இவர்தான்.

பிரெஞ்சு அறிந்தவர், தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தவர்; பாட்டுக்கு எடுத்ததோ நம் விருத்தம். அறுசீர் விருத்தத்தின் ஒரு வகையைப் பாருங்கள்: விளம், மா, தேமா, மறுபடி விளம், மா, தேமா. ‘ஏற்றமும் வயலும் சேறும்’ என்று வாய்விட்டுச் சொன்னால் பாதி அடி முடிந்துவிடும். சீர் பழையது, அதில் உட்காரும் சொல் நேற்றுக் கழனியில் பேசியது. இப்படி விருத்த வகைகளுக்கு எடுத்துக்காட்டாகவே ‘எழில் விருத்தம்’ எழுதினார். இலக்கணத்தைச் சூத்திரமாக மனப்பாடம் செய்து திணறும் மாணவர் கையில் கொடுக்க இதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியவில்லை. அவருடைய ‘தமிழச்சி’, ‘கொடிமுல்லை’ இரண்டும் கதைப்பாடல்கள்.

வாணிதாசனைத் ‘தமிழ்நாட்டு வேர்ட்ஸ்வொர்த்’ என்று பாராட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இயற்கையைப் பாடினார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவரை இங்கிலாந்து ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அவர் பாட்டின் வேர் 1912-இன் முன்னுரையிலும் பாரதிதாசனின் வகுப்பறையிலும் இருக்கிறது.