எட்டுக் கட்டைகளின் கதை



பிள்ளை லெகோ கட்டைகளால் வீடு, பாலம், பஸ் நிலையம் என்று கட்டிக்கொண்டிருந்தால், "விளையாடினது போதும், போய்ப் படி" என்கிறோம். ஆசிரியர்களான நாங்களும் அப்படிச் சொன்னவர்கள்தான். ஆனால் இப்படிப்பட்ட கட்டைகள் ஒரு காலத்தில் படிப்பிப்பதற்காகவே உருவாக்கப்பட்டன.

1837 இல் ஜேர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் புரோபல் என்ற ஆசிரியர் சிறுவர்களுக்கான விளையாட்டுப் பொருட்களை உருவாக்கத் தொடங்கினார். அவற்றுக்கு 'பரிசுகள்' என்று பெயரிட்டார். மூன்றாவது பரிசு, எட்டுச் சிறு சதுரமுகிகளாகப் பிரியும் ஒரு மரச் சதுரமுகி. பிள்ளை அதே எட்டுக் கட்டைகளால் கதிரையோ வீடோ கட்டிக் கதை சொல்லும். பிறகு அவற்றையே பாதி, கால், அரைக்கால் என்று பிரிக்கும். அடுத்து சமச்சீரான கோலமாக அடுக்கும். மொழி, கணிதம், சித்திரம் எல்லாம் ஒரே மேசையில்! ஒரு கட்டையும் மிஞ்சக் கூடாது என்பதும் அவர் வைத்த விதி.

1840 இல் தன் பாடசாலைக்கு 'கிண்டர்கார்டன்', அதாவது சிறுவர் தோட்டம், என்று பெயர் வைத்தார். ஆனால் 1851 இல் பிரஷ்ய அரசு, நாஸ்திகம் பரப்புவதாகச் சந்தேகித்து அதைத் தடை செய்தது. அவருடைய சகோதரரின் மகன் ஒருவரின் எழுத்தை இவருடையதாக எண்ணிக் குழம்பியதும் ஒரு காரணம். அடுத்த வருடமே புரோபல் இறந்துபோனார். 1860 இல் தடை நீங்கியதை அவர் காணவில்லை.

ஆனால் கட்டைகள் நிற்கவில்லை. 1876 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சியில் அவற்றைக் கண்ட ஒரு தாய், தன் ஒன்பது வயது மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த மகன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான பிராங்க் லாயிட் ரைட். அந்த மேப்பிள் கட்டைகள் தன் விரல்களில் தங்கிவிட்டதாக முதுமையிலும் சொன்னார்.

1914 இல் நியூயோர்க்கில் கரோலின் பிராட் தொடங்கிய பாடசாலையில், பிள்ளைகள் துறைமுகத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து, அதை வகுப்பறைத் தரையில் கட்டைகளால் கட்டினார்கள். புவியியலும் கணக்கும் அங்கேயே வந்தன. இன்றைய லெகோ கட்டைக்கு டென்மார்க்கில் காப்புரிமை கோரப்பட்டது 1958 இல்.

பெற்றோர்களே, புலமைப்பரிசில் பரீட்சை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று மாலை பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். "மகள், இந்த வீட்டில யார் இருக்காங்க? சுவருக்கு எத்தனை கட்டை? பாதியை எடுத்தா எத்தனை மிஞ்சும்?" என்று கேளுங்கள். லெகோ வாங்க வசதியில்லையா? தீப்பெட்டிகளும் தச்சுப் பட்டறையில் வீணாகும் மரத்துண்டுகளும் போதும்.

கட்டி முடிக்கும் வரைக்கும் "போய்ப் படி" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை படித்துக்கொண்டுதான் இருக்கிறது.